சாணம் தொட்ட கைக்கு அனுமதி இல்லையாம்

என் செல்லச் சின்னுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் எதை நம்பி எழுதுவது சொல். போன வாரம் நீ அனுப்பிய மெயிலில் நாலு பாரா சாண வண்டைப் பற்றி எழுதியிருந்தாய். முட்டை எத்தனை வேண்டும், பெட்டிக்குள் போடுகிற தேங்காய் நார்த்தூளில் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும், போன தடவை பெட்டியின் ஓரத்தில் இருந்ததெல்லாம் ஏன் சுருங்கிப்போயிற்று, எல்லாம் விலாவாரியாக. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி, டாக்டர் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்கிறார், கவலைப்படாதே அம்மா என்று. ஏன்டி, வண்டு முட்டை சுருங்கினதற்கு ஒரு பாரா, உனக்குப் பிரஷர் ஏறினதற்கு ஒரு வரியா? உடனே போன் போட்டால், அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பெட்டி எப்ப வரும் அதச் சொல்லு என்கிறாய். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார். முழுவதையும் படி, நடுவில் விட்டுவிட்டுக் கடைசிக்குத் தாவாதே, அது உன் சின்ன வயசுப் பழக்கம்.

விசா கதையை உனக்கு அப்பா பாதிதான் சொல்லியிருப்பார், என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். முழுவதையும் நானே சொல்கிறேன். பஸ்ஸில் போகும்போதே அவர் படித்துப் படித்துச் சொன்னார், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வண்டு புராணத்த அங்க ஆரம்பிக்காத என்று. நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வயசில் ஒரு பெண், நகத்தில் வெள்ளைப் பூச்சு, முகத்தில் சிரிப்பே கிடையாது. எதற்குப் போகிறீர்கள், மகள் பிரசவத்துக்கு. திரும்பி வருவீர்களா, வருவேன். கண்டிப்பாகத் திரும்பி வருவீர்களா, வராமல் அங்கே என்ன செய்யப்போகிறேன், இங்கே எனக்கு வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறார், வேலை இருக்கிறது. அதன்பிறகு கேட்டாள், கடந்த ஒரு மாதத்தில் கால்நடை, சாணம், காட்டு மண் இதில் எதையாவது தொட்டதுண்டா என்று. தினமும் தொடுகிறேன் என்றேன். அவள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பரவாயில்லை, இந்தப் பெண்ணுக்கு விஷயத்தில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

உங்கள் நாட்டுக்கு ஒரு காலத்தில் மாட்டைக் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்தார்கள், அது போடுகிற சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோகிற வண்டைக் கொண்டுவர ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்றேன். உங்கள் ஊர் வண்டுகள் காலம் காலமாகச் சின்னச் சின்ன உலர்ந்த புழுக்கையை மட்டுமே பார்த்தவை, மாட்டுச் சாணத்தைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும், அதனால்தான் அங்கே மேய்ச்சல் நிலம் முழுக்கச் சாணம் தட்டுத் தட்டாகக் காய்ந்து கிடந்து, அடியில் புல் செத்து, ஈ பெருகி நாறுகிறது என்றேன். மழைக்காட்டு வண்டைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தீர்கள், உங்கள் வெயிலில் சாணம் ஓடு கட்டுவதற்குள் அதனால் வேலையை முடிக்க முடியவில்லை, எல்லாம் செத்துப்போயிற்று, எங்கள் காடு உங்கள் காட்டைப் போலவே பாதி வருஷம் இலை இல்லாமல் மொட்டையாக நிற்கிற காடு, எங்கள் கொம்பு வண்டு சாணம் காய்வதற்கு முன்னால் அடியில் முழ ஆழத்துக்கு வளை தோண்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்றேன். ஆற்றுக்கு இந்தக் கரை மணலில் இருக்கிற வண்டு அந்தக் கரைக் களிமண்ணில் கிடையாது என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். இதையெல்லாம் எந்தக் காட்டு வண்டு எந்தக் காட்டுக்குப் பொருந்தும் என்று ஆராய்ந்து எழுதினது என் மகள்தான், உங்கள் சர்க்கார்தான் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறது, நான் இங்கே முட்டை எடுத்துக் கழுவிப் பெட்டி கட்டுகிறேன், அவள் அங்கே பெட்டியைப் பிரிக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லி முடித்தபோது, அந்தப் பெண் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இத்தனை தடிமன் கண்ணாடி இருக்கிறது, அப்படியும் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அப்பா பின்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பதில் வந்தது. நோய்க்கிருமி கொண்டுவரக்கூடும் என்பதால் இப்போதைக்கு அனுமதி இல்லையாம். ஒரு மாதம் எங்கள் வண்டுப் பண்ணைப் பக்கமே போகாமல், சாணமோ மண்ணோ தொடாமல் இருந்து, அதற்கு எங்கள் இயக்குநர் எழுதிக் கொடுத்தால் தருவார்களாம். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான் சாணம் தொடுவதே இவர்களுக்காகத்தானே? பண்ணையில் நான் முட்டையை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டால் அது சுத்தமாம், அதற்கு முத்திரை குத்தி, ஐஸ் வண்டி அனுப்பி, விமான நிலையத்தில் ஒரு ஆபீசரே நின்று வாங்கிக்கொண்டு போகிறார், மாப்பிள்ளை அழைப்புக்குக் கூட அத்தனை மரியாதை இருக்காது. முட்டையைக் கழுவினால் ஆகுமாம், முட்டையைக் கழுவினவளைக் கழுவினால் ஆகாதாம். அது போகட்டும், வண்டை மட்டும் யாராவது திரும்பி வருவாயா என்று கேட்டார்களா? அது அங்கேயே தங்க வேண்டும், முட்டை போட்டுப் பெருக வேண்டும், நாடு முழுக்கப் பரவ வேண்டும் என்று பூஜை செய்யாத குறை. நான் பேரக்குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வருகிறேன் என்றால் நம்ப மாட்டார்களாம். மாட்டைக் கொண்டு போனவர்களுக்கு வண்டு ஞாபகம் வரவில்லை, பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டவர்களுக்கு அவளுக்கு ஒரு அம்மா இருப்பது ஞாபகம் வரவில்லை, இவர்கள் வழக்கமே இப்படித்தான் போலிருக்கிறது.

இதில் பெரிய சிக்கல் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காலம் முழுக்க வண்டு மண்ணுக்குள் கிடக்கும், முதல் நல்ல மழைக்குத்தான் மேலே வரும், வந்து இரண்டு மூன்று வாரம்தான் முட்டை, அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். உன் பிரசவத் தேதிக்கு இன்னும் ஆறு வாரம். ஒரு மாதம் நான் ஒதுங்கி இருந்தால் இந்த வருஷத்து முட்டை போயிற்று. ஒதுங்காவிட்டால் நான் உன் பக்கத்தில் இருக்க முடியாது. எங்கள் இயக்குநரிடம், அதுதான் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத அந்த மகானிடம் போய் நின்றேன். அவர் சாவகாசமாகக் காபியை ஆற்றிக்கொண்டே, இந்த மழைய முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கம்மா, கொழந்த எங்க ஓடிடப் போகுது, பொறந்தப்புறம் நிதானமாப் போய்ப் பாத்துக்கலாமே என்றார். கொழந்த ஓடாது சார், அதப் பெத்துக்கப் போறவளுக்குப் பிரஷர் ஏறிக்கிட்டு இருக்கு என்றேன். அதுக்குத்தான் அங்க பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கே என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் மனைவிக்குப் பல் பிடுங்கினபோது நாலு நாள் லீவு போட்டவர் இந்த மனுஷன்.

அவர் கிடக்கிறார், வெளி மனுஷர். என் வயிறு எரிந்தது விசா கிடைக்கவில்லை என்றதும் நீ எழுதின மெயிலுக்குத்தான். அம்மா, நீ இந்த மழைக்குப் பெட்டியை அனுப்பிவிட்டு மெதுவாக வா, இந்தத் தடவை பெட்டி வராவிட்டால் லீவு முடிந்து போகும்போது எனக்கு வேலை இருக்குமோ என்னவோ, பிரசவத்தை நான் சமாளித்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். எதை வைத்துச் சமாளிப்பாய்? மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட், அவர் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார், நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை, ஆனால் ரொட்டியைச் சுடுவதற்கு மேல் அவருக்கு அடுப்படியில் எதுவும் தெரியாது. தலை சுற்றினால் யாரைக் கூப்பிடுவாய்? கால் வீங்கினால் யார் பார்ப்பார்கள்? போன மாதம் நீ அந்தப் பெரிய மேடையில் பேசினதை நானும் அப்பாவும் போனில் பார்த்தோம். உலகத்து வறண்ட காடுகள் தீவு தீவாகத் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன, ஒன்றில் இருக்கிற வண்டு இன்னொன்றுக்குத் தானாகப் போகவே முடியாது, நடுவில் கடல் இருக்கும் இல்லாவிட்டால் மழைக்காடு இருக்கும் என்று அழகாகச் சொன்னாய், எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் உனக்கும் நடுவில் கடல் இருப்பது மட்டும் உன் கண்ணில் படவில்லையா? உன் மெயிலைப் படித்துவிட்டு முட்டை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில். என் மகள் என்னைவிட என் பெட்டியைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்பா அப்படி இல்லை என்கிறார், அவ பயந்து போயிருக்கா, பயந்தா அவ வேலையப் பத்தித்தான் பேசுவா, ஸ்கூல்லயும் ஜுரம் வந்தா ஹோம்வொர்க்கப் பத்தித்தான் பேசுவா என்கிறார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. அதனால் உன் மேல் இருந்த கோபத்தைக் கழித்துக்கொண்டு மீதியை எழுதுகிறேன்.

வண்டுக் கொட்டகைச் சாவியைத் திங்கட்கிழமை காலையில் கோட்டுக்காரர் மேஜை மேல் வைத்துவிட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இன்றிலிருந்து நான் உள்ளே கால் வைக்க மாட்டேன் என்றேன். அவர் குதித்தார். பெட்டி கட்டுபவர் என்று அந்த நாட்டு அனுமதியில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது, வேறு யார் கட்டினாலும் அவர்களே வாங்க மாட்டார்கள், பெயர் மாற்ற அவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும். இது தெரிந்துதான் குதித்தார். குதித்து முடித்தபிறகு, அன்றிலிருந்து ஒரு மாதம் நான் பண்ணைக்குள் வருவதில்லை என்று எழுதி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உன் மேலதிகாரி கேட்டால் நீ தலையைக் குனியாதே. உங்கள் சட்டம்தான் என் அம்மாவைச் சாணம் தொடக்கூடாது என்றது, அவர் தொடவில்லை, அதனால் முட்டை இல்லை என்று நிமிர்ந்து சொல். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்காக உன்னை வேலையை விட்டு அனுப்பினால், அந்த வேலை நமக்கு வேண்டாம். அங்கே சாணம் கப்பல் காலத்திலிருந்து கிடக்கிறது, இன்னும் ஒரு வருஷம் கிடந்தால் குடி முழுகிப் போகாது.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உன் சித்திக்கு முட்டி வலி, அதைவிட அந்த வலியைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்கிற எங்களுக்குத்தான் வலி. அப்பா தையல் கடையில் வந்த ஆர்டரையெல்லாம் ஓரம் கட்டிவிட்டுக் குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார், அளவு தெரியாததால் பொம்மைக்குப் போடுகிற மாதிரி ஒன்று, ரெண்டு வயசுப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி ஒன்று. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்து மழை, இந்த வருஷத்து முதல் நல்ல மழை. இந்தச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவள் நான், உனக்கே தெரியும், உன் பிறந்த நாளில் கூட ஓடியிருக்கிறேன். இப்போது காட்டில் எல்லாம் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருக்கும். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எழுந்து போய்விடுவேனோ என்று. நான் போகவில்லை.

நீயும் குழந்தையும் தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. உப்பைக் குறை, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, பிரஷர் எவ்வளவு என்று தினமும் எனக்கு எழுது, வண்டைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் படிக்க மாட்டேன். ஆபீசில் சொல்லிவிடு, இந்த மழைக்குப் பெட்டி வராது. அம்மா வருகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்