முதல் டிரிப்புக்கு முளைப்பயறு

அண்ணா,

இன்று மதியம் ஈரத்துணியை அவிழ்த்தேன். பச்சைப்பயறு அளவாக முளைவிட்டிருந்தது. அந்தப் பச்சை வாடை வந்ததும் உங்கள் ஞாபகம். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நான் இப்போதும் கண்டக்டர்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு அதே முதல் டிரிப். டிரைவர் மட்டும் வேறு ஆள்.

பயறு விஷயத்தில் அவசரம் செல்லாது. நேற்று காலையில் ஊறப்போட்டு, சாயங்காலம் துணியில் கட்டியது. இனி ஆவியில் லேசாக வேகவைத்து, ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் நாளைக்குக் கவலையில்லை. விடிவதற்கு முன் வண்டி ஏறுகிறவன் அடுப்போடு மல்லுக்கட்ட முடியுமா? கொஞ்சம் தேங்காய்ப்பூ, ஒரு பாட்டில் மோர், அவ்வளவுதான்.

இந்த டப்பா வருவதற்கு முன்பெல்லாம் நம் டிபன் மலை அடிவாரத்து ஓட்டலில். பஸ்ஸை அங்கே நிறுத்தினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. உங்களுக்கென்று நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, அது போதாதென்று ஒரு பூரி செட். அதைத் தின்றுவிட்டு மலை ஏறுவோம்.

ஒரு மார்கழிக் காலையில், கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் தூக்கத்தில் உங்கள் தலை சரிந்தது. நான் முன்சீட்டில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணா!" என்று கத்தினேன். ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள். இடப்பக்கச் சக்கரம் ஓரத்து ஜல்லியில் இறங்கி ஏறியது. வண்டியில் நாற்பது பேர். பள்ளம் என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டெப்போவில் எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம் அது. கொடுத்தால் உங்களை மலை ரூட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த மலையை விட்டால் உங்களுக்கு வேறு ரூட்டே பிடிக்காது. மூன்றாம் நாள், பொங்கலைப் போலக் கண்ணைச் சொருகாது என்று, ஒரு டப்பா முளைப்பயறோடு வந்தேன். "வூட்ல ஜாஸ்தியா செஞ்சிட்டேன்ணா" என்றேன். பொய்.

சூடாக இருக்கட்டுமே என்று டப்பாவையும் மோரையும் இஞ்சின் பானட் மேல் வைத்துவிட்டீர்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் மோர் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் காக்கிச் சட்டையெல்லாம் தெறித்தது. "இன்னாப்பா இது, மோரா வெடியா?" என்றீர்கள்.

ஓட்டல்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "இன்னாங்க டிரைவரு, நம்ம கைப்பக்குவம் புடிக்கலீங்களா?" அவர் மனசு நோகக்கூடாதென்று டப்பாவையும் காலி செய்து, பொங்கலையும் தின்றீர்கள். அன்று மலை ஏறி முடிக்கும்வரை நான் உங்கள் பக்கத்திலேயே நின்று வாய் ஓயாமல் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் நீங்களே அவரிடம், "டாக்டர் நெய்யே ஆவாதுன்னுட்டாருப்பா" என்று ஒரு போடு போட்டீர்கள். அப்புறம் அங்கே டீ மட்டும்தான். நாலு வருஷம் பயறு, சாமை உப்புமா, இட்லி என்று மாறி மாறிக் கொண்டுவந்தேன். அந்த வளைவைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டில்தான், நெஞ்சுவலியில் போனீர்கள். காரியத்தன்று அண்ணி சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்ல, தம்பிதான் பயந்துக்கினு இருக்கான், அவனுக்கோசரம் அந்தப் பயற துன்றேன்னு சொல்வாரு." சிரித்துவிட்டேன். பிறகு பந்தியில் உட்கார முடியவில்லை.

நீங்கள் சொன்னது சரிதான், எனக்குப் பயம்தான். ஆனால் பயந்தவன் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. அந்த நாற்பது பேருக்கும் தெரியாமல், உங்களுக்காக ஒரு டப்பாவை நம்பினேன். ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

நேற்று மலையில் புது டிரைவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். விசில் அடித்து வண்டியை ஓரங்கட்டி, இறங்கி முகம் கழுவச் சொன்னேன். வண்டியே என்னை முறைத்தது. "இன்னாயா, ஒரு கொட்டாவிக்கா?" என்றார் டிரைவர். ஆமாம் என்றேன். அன்று உங்களிடம் வண்டியை ஓரங்கட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அண்ணா.