ஒரே முகத்துக்கு இரண்டு கொடி

என் அன்புக்கும் என் ஆத்திரத்துக்கும் உரிய என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? அதனால் இங்கேயும் 'என்னங்க'தான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் நாலு வரி போட வேண்டும் என்றார்கள். அடுக்குமொழியில் வரிகள் தயாராக இருக்கின்றனவாம், பெயரையும் படத்தையும் மாற்றினால் போதுமாம். அது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு உங்களிடம் ஒரு முறைப்பாடு இருக்கிறது. அதை நானே எழுதுகிறேன், நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முறைப்பாடு உங்கள் இரண்டு பிள்ளைகளையும் பற்றியது. பாதி உங்களையும் பற்றியது.

மறுபடியும் ஃபுட்போல் உலகக் கிண்ணம் வந்திருக்கிறது. குண்டசாலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நம் பாதைக்குள் வந்தால் உங்களுக்கே வீடு தெரியாது. ஒரு லைட் போஸ்டிலிருந்து அடுத்த போஸ்ட் வரைக்கும் கொடி. வெள்ளையும் நீலமுமாக ஆர்ஜென்டினா, மஞ்சளும் பச்சையுமாக பிரேசில். ஒரு வாரமாக விடாத மழை, பேத்தியின் உடுப்பைக் காயப்போட ஒரு முழம் கயிறு இல்லை, கொடி கட்ட மட்டும் கயிறு எங்கிருந்தோ வருகிறது. பிஸ்கட் பைக்கற்றிலும் பந்து, சவர்க்காரத்திலும் பந்து. இந்த இரண்டு நாடும் உலகத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இவர்களில் பாதிப் பேருக்குக் கை காட்டத் தெரியாது. ஆனால் அதற்காக உயிரைக் கொடுப்பார்களாம்.

பெரியவன் ரவி ஆர்ஜென்டினா, சின்னவன் சுரேஷ் பிரேசில். அது நீங்கள் இருக்கும்போதே உள்ளதுதான். அப்போதெல்லாம் வாயால் மட்டும்தான் சண்டை. இந்த முறை பிரேசில் தோற்றதும், மேல் வீட்டிலிருந்த ரவி கடையில் வாங்கிய பட்டாசைக் கொண்டுவந்து தம்பி வீட்டு கேற்றடியில் கொளுத்தினான். நான் சின்னவன் வீட்டில்தானே இருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்த பேத்தி அலறிக்கொண்டு எழும்பினாள். சுரேஷ் வெளியே பாய்ந்து அண்ணனின் ஜேர்சியைப் பிடித்து இழுத்தான், அது கழுத்திலிருந்து வயிறு வரை கிழிந்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இங்கே தம்பிதான் படை.

அன்றோடு பேச்சு நின்றது. முப்பது வயது தாண்டிய இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவன் வங்கியில் வேலை, மற்றவன் டவுனில் போன் கடை வைத்திருக்கிறான். எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவன் பஸ்ஸுக்கு நின்றால் மற்றவன் அடுத்த பஸ்ஸில் போகிறான். மருமகள்மார் இரண்டு பேரும் வேலிக்கு மேலால் கறிவேப்பிலை கொடுத்து வாங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள், அவர்களுக்காவது புத்தி இருக்கிறது.

இதில் உங்களை எங்கே இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். அப்பா இருந்திருந்தால் என் பக்கம்தான் நிற்பார் என்று ரவி சொல்கிறான். அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் பிரேசில்தான் என்று சுரேஷ் சத்தியம் பண்ணுகிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிழை உங்களுடையது. டீவிக்கு முன்னால் உட்கார்ந்து, யார் நன்றாக அடித்தாலும் கை தட்டினீர்கள். ரவியின் ஆள் கோல் போட்டால் "நல்லா அடிச்சான்யா" என்று அவன் முதுகில் தட்டுவீர்கள், சுரேஷின் ஆள் போட்டால் அவன் முதுகில் தட்டுவீர்கள். பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் செய்தீர்களா, அல்லது அந்த ஆட்டத்தில் யார் வென்றாலும் உங்களுக்கு ஒன்றுதானா? உங்கள் பக்கம் எது என்று ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது கேளுங்கள், அடுத்தது என்ன நடந்தது என்று. திவசத்துக்கு நினைவஞ்சலி பேனர் கட்ட வேண்டுமல்லவா? பேசாத அண்ணனும் பேசாத தம்பியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக ஓடர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் போனது உங்கள் சிநேகிதர் ஃபாரூக் நானாவின் அச்சுக் கடைக்குத்தான். நானா அந்த வாரம் மகளின் கல்யாண வேலையாக அக்குறணையில் இருந்தார். கடையில் இருந்த பையன்களுக்குக் கொடி அடித்து அடித்துக் கண் பூத்துப்போயிருந்தது. கேட்டதை அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

திவசத்துக்கு முதல் நாள் காலையில் பால் வாங்கப் போன நான் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். மேல் பக்கத்தில் ரவி கட்டிய பேனரில் நீங்கள் நீலக் கோடு போட்ட சட்டையில் நிற்கிறீர்கள். கீழ்ப் பக்கத்தில் மஞ்சள் சட்டையில் நிற்கிறீர்கள். அடையாள அட்டைக்கு எடுத்த அதே படம். தலையை வெட்டி வேறு யாரோ விளையாட்டுக்காரனின் உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கீழே கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து. உங்களுக்கு ஏதுங்க அந்தப் புஜம்?

சந்தியில் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தார். பாவம், நல்ல மனுஷி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நாளிலா போனார்கள், இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார். நான் என்ன சொல்வது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் இன்னும் கேவலம்.

மறுநாள் படையல். உங்களுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயாசம் எல்லாம் வைத்து இலை போட்டாயிற்று. ஃபாரூக் நானா அக்குறணையிலிருந்து நேரே வந்து, பேனரைப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். ரவி சூடம் கொளுத்த வேண்டும். அவன் நெருப்புப்பெட்டியை எடுத்ததும் சுரேஷ், முதலில் அந்த ஆர்ஜென்டினா பேனரைக் கழற்றச் சொல்லுங்கள் அம்மா, அப்பாவைக் கேவலப்படுத்த விடமாட்டேன் என்றான். உன்னுடையதைக் கழற்று, பிறகு பார்ப்போம் என்றான் ரவி. இலையில் சோறு ஆறுகிறது. நீங்கள் பசி தாங்க மாட்டீர்கள் என்பது எனக்குத்தான் தெரியும். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றேன். "ஒங்கப்பா அந்த டீமும் இல்ல, இந்த டீமும் இல்ல. அவரு இலங்கை டீம்."

சுரேஷ் சிரித்துவிட்டான். "இலங்கையா? ஃபுட்போல்லயா?" என்றான். ரவிக்கும் சிரிப்பு வந்தது. வாரக் கணக்கில் முகம் பார்க்காதவர்கள், நம் நாட்டு அணியைக் கேலி பண்ணுவதற்கு மட்டும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு மிகவும் வலித்தது.

நான் சொல்லத் தொடங்குவதற்குள் நானா சொல்லிவிட்டார். ரவி என் வயிற்றில் இருந்த காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் காலை ரயிலில் கொழும்புக்கு மெச் பார்க்கப் போனீர்களே, அந்தக் கதை. அன்று இலங்கையும் இந்தியாவும். நம் ஆள் பந்தைக் கொண்டு ஓடும்போது நீங்கள் எழும்பிக் கத்தியிருக்கிறீர்கள். பின்னால் இருந்த ஒருவன் உங்கள் தமிழைக் கேட்டுவிட்டு, நீ இந்தியன்தானே, அந்தப் பக்கம் போய் உட்கார் என்று சிங்களத்தில் சொன்னானாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

"மகன், நான் சென்னேன், எழும்பி அங்கால போவோம் எண்டு," என்றார் நானா. "ஒங்கட அப்பா அசையல்ல. நாங்க தோத்துப் போய் எல்லாரும் எழும்பிப் போன பொறகும் அவர் இருந்தார்."

பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. விளங்காமல் இருப்பதற்கும் நீங்கள்தானே காரணம். அதனால் மிச்சத்தை நான் சொன்னேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் நீங்கள், உங்கள் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இந்தியாக்காரரும் இல்லை. உங்கள் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். நீங்கள் ஏறவில்லை. கண்டி டவுனில் இரும்புக் கடையில் வேலை, ஓட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை, பொலிஸ்காரன் மறித்தால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அன்றைக்குக் கொழும்பில் எழும்பி நின்று கத்தியபோதும் உங்களுக்கு நாடு இல்லை. ரவி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்தது.

அன்று ரயிலில் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது நான் உங்களைத் திட்டினேன். அவன் உங்களை வேண்டாம் என்கிறான், நீங்கள் அவனுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறீர்களே, வெட்கம் இல்லையா என்று கேட்டேன். நீங்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், புஷ்பம். பந்து நம்ம ஆளு காலுல இருக்கும்போது நான் எப்படி சும்மா இருக்கிறது?" என்றீர்கள். அதை ஏன் பிள்ளைகளிடம் ஒரு தடவையும் சொல்லவில்லை? அவர்களும் அப்படிச் சிரித்துவிடுவார்கள் என்று பயந்தீர்களா? இல்லை, அந்த அவமானம் உங்களோடு முடியட்டும் என்று நினைத்தீர்களா? இந்த ஒரு வருடத்தில் உங்களிடம் கேட்க நினைத்தது இது ஒன்றுதான்.

பிள்ளைகளிடம் நான் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அந்த மனுஷன் உயிரோட இருக்கும்போது நாடு குடுக்க ஆளில்ல. செத்ததுக்குப் பொறகு ஆளுக்கொரு நாடு குடுத்திருக்கீங்க. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக் குடுக்க மட்டும் ஒங்களுக்கு மனசு வரல."

ரவி சூடத்தைக் கொளுத்தினான். சுரேஷ் இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவன் கனநேரம் எழும்பவில்லை. நான் அவனைத் தூக்கவும் இல்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், உங்கள் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். சாப்பிட்ட கையோடு பேனரைக் கழற்றச் சொன்னேன். முதலில் யார் கழற்றுவது என்று அதற்கும் ஒரு முறைப்பு. கடைசியில் ஏணியைப் பிடிக்க வேறு ஆள் அகப்படவில்லை. அண்ணன் ஏறினான், தம்பி பிடித்தான். கீழ்ப் பக்கத்தில் தம்பி ஏறினான், அண்ணன் பிடித்தான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இறங்கும்போது மட்டும், கடைசிப் படி உடைந்திருக்கிறது என்று ரவி சொன்னானாம், வாசலில் நின்ற நானா வந்து சொன்னார். கொடிகள் இன்னும் தொங்குகின்றன. அடுத்த மெச் வந்ததும் மறுபடியும் கத்தத்தான் போகிறார்கள். கத்தட்டும், ஆட்டம் என்றால் கத்தாமல் எப்படி? கேற்றடியில் பட்டாசு மட்டும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி. அடுத்த மாதம் நம் நாட்டு அணி கொழும்பில் விளையாடுகிறதாம். சுரேஷ்தான் போனில் பார்த்துச் சொன்னான். டிக்கட்டுக்கு அடிபிடி கிடையாது, யாரும் போகமாட்டார்கள் என்றான். தோற்றுவிடுவார்கள் அம்மா, வீணாக அலையாதீர்கள் என்றான் ரவி. தோற்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் அப்பாவும் அது தெரிந்துதான் போனார் என்று அவர்களிடம் சொன்னேன். மூன்று பேருக்கும் ரயிலில் இடம் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் சரி என்றார்கள், யார் ஜன்னலோரம் என்று மட்டும் இன்னும் தீரவில்லை.

எனக்கு அந்த ஆட்டம் ஒரு மண்ணும் விளங்காது. பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையே பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் போகிறேன். உங்களுக்கு வாக்குத் தருகிறேன், எல்லோரும் எழும்பிப் போகும் வரைக்கும் இருப்பேன். ஒழுங்காக விளையாடாவிட்டால், பந்தைக் கோட்டைவிட்டால், அங்கேயே நின்று தொண்டை கிழியத் திட்டிவிட்டு வருவேன். நம்முடையவர்களைத்தானே திட்ட முடியும்?

உங்கள் வீட்டுக்காரி,
புஷ்பம்