இடது ஓரத்தில் நிற்பவர்

ஏப்ரல் 6, செவ்வாய்

இன்றைக்கு ஒரு பல் டாக்டர் என் காரைப் பின்பக்கமாக எடுத்துப் பூந்தொட்டியில் ஏற்றிவிட்டார். "நீங்க பிரேக் போடுவீங்கன்னு நினைச்சேன்" என்கிறார். சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் ஒரு பிரேக் வைத்தாலும் வைத்தார்கள், ஊரிலிருக்கிற பழியெல்லாம் என் காலுக்கு.

டிரைவிங் ஸ்கூலைப் பூட்டும்போது ஊர்வலக் கமிட்டிப் பெண் வந்தாள். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மைக் பிடித்த மாதிரியே பேசுவாள், அதனால் எனக்கு அவள் மைக். இந்த வருஷம் ஊர்வலத்தையொட்டி நூலகத்தில் கண்காட்சியாம். தன்பாலினத்தார் சமத்துவ ஊர்வலம், முதல் வருஷத்திலிருந்து இன்றுவரை. அந்த வரலாற்றை நான் எழுதித் தரவேண்டுமாம். "முதல் வருஷம் நடந்தவங்கள்ல நீங்களும் போஸ்ட்மேன் அங்கிளும்தான் ஆன்ட்டி மிச்சம்" என்றாள்.

மிச்சமாம். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்ட மாதிரி.

வீட்டில் மாத்திரையிடம் சொன்னேன். (மருந்துக்கடை வைத்திருக்கிறவளோடு குடித்தனம் நடத்தினால் வேறென்ன பட்டப்பெயர் வைப்பது?) "வரலாறா? கார் சாவிய எங்க வெச்சேன்னு காலையில என்னைத்தானே கேட்ட" என்றாள்.

ஏப்ரல் 9, வெள்ளி

போஸ்ட்மேனைப் பார்க்கப் போனேன். முதல் ஊர்வலத்தில் யாருக்கும் முகம் தெரியக்கூடாது என்று மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கடைசிவரை நடந்தவர். பாதி வழியில் ஒரு பாட்டியம்மா வாசலிலிருந்து, "தபால்காரரே, எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே, "இன்னைக்கு லீவும்மா" என்றார்.

அன்றைக்கு மழை என்கிறார். நல்ல வெயில் என்கிறேன் நான். "ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து ஊத்தினதை மழைன்னு நினைச்சிட்டிருக்கீங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம்" என்றார்.

ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனோம். நாங்கள் ஒரு கைப்பிடி பேர். எங்களைவிடப் போலீஸ் அதிகம். தெருவில் நின்றவர்கள் ஏதோ சோப்பு விளம்பரம் என்று நினைத்து இலவச சோப்பு கேட்டார்கள்.

ஏப்ரல் 11, ஞாயிறு

நாள் பூரா எழுதினேன். மூன்றாம் வருஷம் அனுமதி தரவில்லை. ஊர்வலம் கூடாதென்றால் கடைக்குப் போகலாமே என்று ஆளுக்கொரு நிறத்தில் குடை வாங்கிக்கொண்டு நடைபாதையில் வரிசையாகப் போனோம். குடை பிடிக்காதே என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் பூங்கா வந்துவிட்டது. அந்த வருஷம்தான் மாத்திரை வந்து சேர்ந்தாள். மஞ்சள் குடை. மடக்கத் தெரியாமல் என் கண்ணைக் குத்தினாள். மருந்தும் அவளே போட்டாள்.

அப்புறம் மேயர் வந்த வருஷம். அவர் பேசி முடிப்பதற்குள் மேளக்காரர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் பெற்றவர்கள் வந்த வருஷம். ஒரு அப்பா, பெரிய மீசை, "இவள் என் மகள்" என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்.

இதை எழுதும்போது மட்டும் பேனா நின்றது. ஏனென்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அதை எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 14, புதன்

இனி எழுதாமல் முடியாது.

மைக் பழைய பத்திரிகையிலிருந்து முதல் வருஷப் போட்டோவைத் தோண்டி எடுத்திருக்கிறாள். நான் நடுவில், இடுப்பு இருந்த காலம். பக்கத்தில் ஹெல்மெட். ஓரத்தில் போலீஸ் வரிசை. எல்லாரும் எங்களைப் பார்க்கிறார்கள். இடது ஓரத்தில் நிற்கும் சின்னப் போலீஸ் மட்டும் கழுத்தைத் திருப்பி எங்கோ பார்க்கிறான்.

என் தம்பி.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மாலை வீட்டுக்கு வந்து சொன்னான்: "அக்கா, நாளைக்கு எனக்கு அங்கதான் டியூட்டி. நான் உன்னைப் பாக்கல. நீயும் என்னைப் பாக்காத." சரி என்றேன். அவ்வளவுதான் ஒப்பந்தம். அதற்குப்பிறகு எல்லா வருஷமும் அவனுக்கு அங்கேதான் டியூட்டி. எல்லா வருஷமும் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. மற்ற நாளெல்லாம் வருவான், சாப்பிடுவான், மாத்திரையிடம் தலைவலி மருந்து வாங்கிக்கொள்வான். அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று மட்டும் இன்றுவரை முடிவு செய்யவில்லை. அத்தான் என்று சொல்ல முடியாது, அண்ணியும் இல்லை. "இங்க பாருங்க" என்பான். ஃபோனிலும் "இங்க பாருங்க"தான்.

ஜனவரியில் ரிட்டயர் ஆகிவிட்டான். போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைக்கப் போகிறார்களாம். அவனைக் கேட்காமல் எப்படி?

ஏப்ரல் 18, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டான், கழற்றினான், துடைத்தான், மறுபடி போட்டான்.

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றான்.

அவன் மனைவி காபி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இந்த ஊர்வலமா? இதுக்கு மட்டும் எந்த வருஷமும் லீவே போடமாட்டார் அண்ணி. டியூட்டி லிஸ்ட்ல பேர் இல்லேன்னாக்கூட கேட்டுப் போய் நிப்பார். என் தங்கச்சி கல்யாணத்தையே விட்டார்."

"உள்ள பால் பொங்குது பாரு" என்றான். பால் ஒன்றும் பொங்கவில்லை.

கிளம்பும்போது வாசலில், தணிந்த குரலில்: "அந்தப் படம் வேணாம்க்கா. எடுத்துடச் சொல்லு."

ஏப்ரல் 19, திங்கள்

எடுத்துடச் சொல்லுன்னா? என்னத்தை எடுக்கிறது? அவன் வெட்கப்பட்டதையா, நான் நடந்ததையா? இத்தனை வருஷம் பாக்காத மாதிரியே இருந்தேனே, எனக்கு மட்டும் கழுத்து வலிக்கலையா? கேட்டு வாங்கி வந்து நின்னானாம். வந்து நின்னவன் ஒரு தடவை திரும்பிப் பாத்தா என்ன, தொப்பி விழுந்துடுமா?

மாணவி ஒருத்தியிடம் எரிந்து விழுந்தேன். பாவம், ஒழுங்காகத்தான் ஓட்டினாள்.

ஏப்ரல் 24, சனி

மாத்திரை சொன்னது: தம்பி மருந்துக்கடைக்கு வந்தானாம். பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றானாம். "இங்க பாருங்க, அக்கா கோவமா இருக்காளா?" என்று கேட்டிருக்கிறான். "நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்குங்க, அதுக்கு டாக்டர் சீட்டு வேணாம்" என்றாளாம் இவள்.

ஏப்ரல் 28, புதன்

வந்தான். வகுப்பு முடியும்வரை வெளியே நின்று, மாணவன் பார்க்கிங் செய்வதைக் கை காட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். பழக்கதோஷம். பிறகு காருக்குள், மாணவர் சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"வெயில் இல்லக்கா" என்றான்.

"தெரியும். போஸ்ட்மேன் மழைங்கறார்."

சிரிக்கவில்லை. "பக்கத்துல நின்னவங்க உங்களைப் பத்தி அசிங்கமாப் பேசிட்டிருந்தாங்க. உன்னைப் பாத்தா என் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்னு திரும்பிட்டேன். அடுத்த வருஷத்துலேர்ந்து, யாராவது உன்மேல கைய வெச்சா நான் இருக்கணும்னு கேட்டு வாங்கினேன். அப்புறம் யாரும் கைய வைக்கல. நானும் நின்னுட்டே இருந்துட்டேன்."

ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"படத்தை வை. ஆனா கீழ எழுது. இடது ஓரத்தில் நிற்பவர், நடந்தவர்களில் ஒருவரின் தம்பி."

"இந்த வருஷம் வர்றியா?"

"டியூட்டி இல்லாம சும்மா எப்படிக்கா வர்றது?" நிஜமாகவே தெரியாமல் கேட்டான். நாங்களெல்லாம் சும்மாதான் வருகிறோம் என்று சொன்னேன். அது அவனுக்குப் புதுச் செய்தி மாதிரி இருந்தது.

மே 9, ஞாயிறு

கால் இரண்டும் வீங்கிவிட்டது. தெரு கொள்ளவில்லை, அத்தனை கூட்டம். போஸ்ட்மேன் ஹெல்மெட் இல்லாமல் முன்வரிசையில். மாத்திரை என் பையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தாள்.

தம்பியைத் திருப்பத்தில் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விறைப்பாக, போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே நின்ற போலீஸ்காரப் பெண்ணுக்கு அவனைத் தெரியவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவள் போல.

"சார், நடக்கிறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா? நடக்கிறவங்க கயித்துக்கு இந்தப் பக்கம் வந்துடுங்க. நடுவுல நிக்காதீங்க."

அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தான். குனியும்போது முட்டியில் சொடக்கு விழுந்தது எனக்கே கேட்டது.

அணிவகுப்பு நடை. போஸ்ட்மேன்தான், "தம்பி, கைய வீசி நடங்க, யாரும் சல்யூட் கேக்கல" என்றார்.

மே 10, திங்கள்

காலையிலேயே மைக் ஃபோன். "ஆன்ட்டி, உங்க தம்பி கூப்பிட்டார். நாம மேற்குத் தெருவுல திரும்பினது தப்பாம். கால் மணி நேரம் விளக்கினார்."

மே 15, சனி

தம்பிக்குப் பாதத்தில் கொப்புளம். டியூட்டி பூட்ஸிலேயே நடந்திருக்கிறான், வேறு செருப்பே கிடையாதாம். மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். மாத்திரை கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மெத்தென்று இருக்கிற ஜோடியாக எடுத்தாள். அவன் போட்டு, கடைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து பார்த்தான்.

"தினம் வாக்கிங் போறதுக்கா சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்ல. வருஷத்துக்கு ஒரு நாள்" என்றான் தம்பி. "அக்காவோட."