முதல் வேண்டாம்

20 ஆகஸ்ட் 1995, ஞாயிறு. ஹூஸ்டன்

வந்து சேர்ந்தாயிற்று. விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த வெக்கைக்குக் கோவில்பட்டி வெயிலே தேவலை. அமெரிக்கா என்றால் குளிரும் என்று இரண்டு ஸ்வெட்டரோடு வந்திருக்கிறேன். புத்திசாலி!

தங்கியிருப்பது சாரதா ஆன்ட்டி வீட்டில். கோவைக் கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த சாரின் தங்கை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை கிடைக்கும் வரை இங்கேதான். கணவர் நஞ்சப்பன் அங்கிள். ஆறாவது படிக்கிற மகள் பிரீத்தி.

ராத்திரி தோசை. மூன்றாவது தோசைக்கு முறைப்படி, "வேண்டாம் ஆன்ட்டி" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கண்ணு."

"எதுக்கு ஆன்ட்டி?"

"எதுக்கா? பறந்து வந்த புள்ள, வெச்சுக்கோ."

"சரி, பாதி."

முழுசாகத்தான் விழுந்தது. எனக்கு நல்ல பசி. பாதியோடு நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

21, திங்கள்

காலையில் அங்கிள் வீட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். செடிக்கு இல்லை, வீட்டுக்கு. சுவரை ஒட்டிச் சுற்றிலும் ரப்பர் குழாய். "மண்ணு காஞ்சா வூடு எறங்கிருது கண்ணு. இங்க எல்லாருமே சம்மர்ல இப்படி வாட்டர் பண்ணுவாங்க" என்றார்.

குனிந்து ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். களிமண், கறுப்பு. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். எங்கள் ஊர்க் கரிசல் எனக்கு முன்பே விசா வாங்கி வந்துவிட்டது.

ஹாலில் பழனி முருகன் காலண்டர் ஏன் இப்படி ஒரு மூலையில், கோணலான இடத்தில் தொங்குகிறது என்று தூக்கிப் பார்த்தேன். பின்னால் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு விரிசல். முருகன் காவல் இருக்கிறார்.

இந்த மண்ணுக்காகத்தான் இந்தப் பல்கலைக்கழகம். டாக்டர் வெல்ச் இதைப் பற்றி எழுதியதையெல்லாம் கோவையில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அவர் வருடத்துக்கு ஒரு புது மாணவரைத்தான் சேர்த்துக்கொள்வாராம். கிடைக்காவிட்டால் கான்கிரீட் ஆய்வகம். கான்கிரீட் கட்டியை உடைத்து உடைத்து எனக்கு அலுத்துவிட்டது. நாளை அவரைப் பார்க்கிறேன்.

22, செவ்வாய்

நம்பவே முடியவில்லை. அவரே கேட்டார்! வீடுகளுக்கு அடியில் இந்த மண் எப்படி அசைகிறது என்று அளக்கப் போகிறோம், ஓர் இடம் இருக்கிறது, சேர்ந்துகொள்கிறாயா என்று.

"நோ சார், பரவாயில்லை. மற்றவர்களுக்குக் கொடுங்கள்" என்றேன். முதல் கேள்விக்கே பல்லை இளித்துக்கொண்டு சரி என்றால் மரியாதையாகவா இருக்கும்? அலைகிற பெண் என்று நினைக்க மாட்டாரா?

"ஓ, நோ ப்ராப்ளம்" என்று சிரித்தார். கதவு வரை மெதுவாக நடந்தேன். நாளைக்குக் கூப்பிடுவார்.

23, புதன்

கூப்பிடவில்லை.

24, வியாழன்

என்னோடு சேர்ந்த சீனப் பெண் லின் மத்தியானம் ஓடிவந்து சொன்னாள். வெல்ச் அவளை எடுத்துக்கொண்டாராம். வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன்.

ஏட்டி கண்மணி, இதுக்கா கடல் தாண்டி வந்த? என்ன மனுசன் அவரு! இன்னொரு தடவ கேட்டா வாய்முத்து உதிர்ந்திருமா?

மாலை:
பிரீத்தியின் சிநேகிதி எமிலி வந்தாள். "எமிலி, தோசா?" என்று ஆன்ட்டி கேட்டார். "நோ, தேங்க் யூ." அவ்வளவுதான். ஆன்ட்டி மாவுப் பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்!

"என்ன ஆன்ட்டி, அந்தப் புள்ளய இன்னொரு தடவ கேக்கலையே?"

"அதான் வேண்டாம்னுட்டாளே. அவங்க வேண்டாம்னா வேண்டாந்தான் கண்ணு."

"ஷி செட் நோ, அக்கா" என்றாள் பிரீத்தி, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு.

நமக்கு ஒரு வழக்கம், அவர்களுக்கு ஒரு வழக்கம். ஆன்ட்டி ஒரே அடுப்பில் இரண்டையும் நடத்துகிறார். வெல்ச் என்னை அவமதிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்.

25, வெள்ளி

வெல்ச்சிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தோசை உட்பட. முதலில் முழித்தார், பிறகு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "லின்னிடம் கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது" என்றார். நியாயம்தான்.

எழுந்தேன். அப்போது சொன்னார்: அளப்பதற்கு வீடுகள் போதவில்லையாம். விரிசல் விட்ட வீட்டுக்காரர்கள் வெளியே காட்டவே கூச்சப்படுகிறார்களாம். "நீ ஒரு வீடு கொண்டுவந்தால் உனக்கும் இங்கே இடம் உண்டு, அதை நீயே அளக்கலாம்."

எனக்கு உடனே பழனி முருகன் காட்சி கொடுத்தார்.

26, சனி

அங்கிளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாங் கண்ணு." முகம் இறுகிவிட்டது. "விரிசல் வுட்ட வூடுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவன் வாங்குவான்?"

இது எந்த வேண்டாம்? என்னுடையதா, எமிலியுடையதா? அங்கிள் இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இது எமிலி வேண்டாமாக இருந்து நான் மறுபடி கேட்டால், உப்பிட்ட வீட்டில் அழிச்சாட்டியம் பண்ணியதாக ஆகும். கேட்காவிட்டால் கான்கிரீட். இன்று மறுபடி கேட்கவில்லை. பயமாக இருந்தது.

27, ஞாயிறு

காலையில் அங்கிள் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே கேட்டுவிட்டேன்.

"எந்தப் பக்கம் மண்ணு காயுதுன்னு தெரிஞ்சுட்டா, வீடு முழுக்க இப்படித் தண்ணி விட வேண்டாம் அங்கிள். உங்க பேரு எங்கயும் வராது, சார்ட்ட எழுதியே வாங்கித் தாரேன்."

குழாயைத் திருகினார். "இப்ப அதெல்லாம் எதுக்கு கண்ணு..."

எதுக்கு! வேண்டாம் இல்லை, எதுக்கு! அடுத்த படி என்ன என்று எனக்குத் தெரியாதா? வாரம் முழுக்க இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நானே ஏறிய படி. சிரிப்பை அடக்கிக்கொண்டு மத்தியானம் வரை பொறுத்தேன். சாப்பிட்டு எழுந்ததும் மூன்றாவது முறை கேட்டேன்.

"செரி. பின்பக்கம் மட்டும். ரோட்டுல போறவங்க பாக்கக் கூடாது."

பாதி!

30 செப்டம்பர், சனி

பல்கலைக்கழகத்துப் பக்கம் அறைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமைகளில் மட்டும் அளவெடுக்க அங்கிள் வீட்டுக்கு வருகிறேன். இன்று வெல்ச்சும் வந்தார். பின்பக்கத்தைப் பார்த்து முடித்ததும் அங்கிள் தாமாகவே அவரை ஹாலுக்குக் கூட்டிப்போய், முருகன் காலண்டரைக் கழற்றி விரிசலைக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

புறப்படும்போது வெல்ச், "அடுத்த கோடையிலும் இதைத் தொடர உனக்கு —" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் "யெஸ்" என்றேன். காரில் ஏறும் வரை சிரித்துக்கொண்டே போனார்.

அவரை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். ஆன்ட்டி மூன்றாவது தோசையோடு வந்தார்.

"வேண்டாம் ஆன்ட்டி" என்றேன்.

அவர் நிற்கக்கூட இல்லை. தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை ஊற்றப் போய்விட்டார்.