உங்களோடு போன பிளக் ஸ்பானர்

என்னங்க,

இருந்தவரைக்கும் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போது மட்டும் எதற்கு? 'என்னங்க' என்று நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் இது உங்களுக்குத்தான்.

நாளை கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது உங்கள் ஸ்கூட்டரைப் பற்றி.

நீங்கள் போனதிலிருந்து அது போர்டிகோவில் அப்படியே நின்றது. சீட்டுக்கடியில் எலி குட்டி போட்டது. போன மாதம் உங்கள் தம்பி டேவிட் பார்த்துவிட்டு, கல்லறைத் திருநாளுக்குள் ஸ்டார்ட் ஆனால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் திக்கென்றது. சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனையோ வண்டி போகிறது. இரும்புலியூர்த் திருப்பத்தில் அந்த ஒரு சத்தம் மட்டும் வருவதில்லை. அதைக் கேட்டுத்தானே நான் காபிக்குப் பால் வைப்பேன்? இப்போது எப்போது வைப்பதென்றே தெரியவில்லை.

தெருமுனை மெக்கானிக் சேகரைக் கூட்டி வந்தேன். பிளக்கைக் கழற்றிக் கரி துடைத்தாலே போதும் என்றான். ஆனால் உங்கள் டூல்ஸ் பையில் எல்லாம் இருக்க, பிளக் ஸ்பானரை மட்டும் காணோம். அவனிடம் இருந்ததெல்லாம் புது வண்டிகளுக்கானவை. "இது பழைய வண்டி, அக்கா. பிளக்கு குழிக்குள்ள பூந்துகினு கீது, நம்ம ஸ்பானர் எதுவும் போவாது" என்று சொல்லிவிட்டுக் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தான். நான் தடுத்துவிட்டேன். பிளேயர் போட்டுத் திருகினால் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டுவிடும் என்று நீங்கள் யாரையோ திட்டியது ஞாபகம் வந்தது. பாருங்கள், அடுப்படியில் இருந்தபடியே நான் எவ்வளவு கேட்டு வைத்திருக்கிறேன்.

பீரோ, பரண், அரிசி டிரம்முக்குப் பின்னால் என்று வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், வீட்டில் ஆம்பளை யாராவது இருந்தால் அனுப்புங்கம்மா என்றார். இருந்தால் நான் ஏன் வரப்போகிறேன்? கடைசியில் ஒரு கடையில் குழாய் மாதிரி ஒன்று கிடைத்தது. வாய் சரியான அளவுதான். ஆனால் நீளம் அதிகம், வண்டியின் பாடியில் இடித்துக்கொண்டு உள்ளே இறங்கவே மாட்டேன் என்றது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டேவிட் வந்தபோது புலம்பித் தீர்த்தேன். அவர், "அண்ணி, அது அண்ணன்கிட்டதான் இருக்கு" என்றார்.

உங்கள் சவப்பெட்டியை மூடும்போது நான்தான் சொன்னேனாம். 'அது இல்லாமல் அவர் கோயிலுக்குக்கூடக் கிளம்ப மாட்டார், பேன்ட் பாக்கெட்டில் வையுங்கள்' என்று அழுதேனாம். டேவிட்தான் அதை உங்கள் பாக்கெட்டில் வைத்தாராம். எனக்குத் துளியும் நினைவில்லை. நீளமாக இருந்ததை நீங்கள்தான் ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி வைத்திருந்தீர்கள் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. வண்டியை இங்கே நிறுத்திவிட்டு ஸ்பானரை மட்டும் எடுத்துக்கொண்டு போன ஆள் ஊரிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அங்கே உங்களுக்கு எதற்குங்க அது? டேவிட் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் நான் வாங்கியதைச் சேகர் அறுத்துக் குட்டையாக்கி, திருகுவதற்குக் கம்பி செருக ஓட்டை போட்டான். அது உள்ளே இறங்கிக் கவ்விக்கொண்டது. பிளக் கன்னங்கரேல் என்று வெளியே வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டி, உதைத்து உதைத்து அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஒரே புகை. அப்புறம் உங்கள் சத்தம். நான் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கிறுக்குத்தனம்தான், இருந்தாலும் பார்த்தேன்.

நீயே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார் என்றான் சேகர். புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவன் என்னையே பார்த்தான். "முன்னாடி உக்காருக்கா" என்றான். அப்போதுதான் கவனித்தேன். வழக்கம்போல ஒரு பக்கமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் முன்னால் யாரும் இல்லை.

முன்னால் உட்காரக் கற்றுக்கொள்கிறேன். டேவிட் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டால் வேறு யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பானரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று ஒன்று இருக்கிறது.

நாளைக்கு மட்டும் பஸ்ஸில் வரப்போகிற
உங்கள் மனைவி,
ஸ்டெல்லா