முதல் மிதியிலேயே நிற்கணும்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி இன்று கேட்டைத் தொட்டுவிட்டு நின்றது. இடிக்கவில்லை, தொட்டது. அப்பா இறங்கி வந்து கேட்டைத் தடவிப் பார்த்து, "நின்னுச்சுல்ல" என்றார், யாரோ பந்தயம் கட்டியிருந்த மாதிரி. இரண்டு நிமிடம் முன்புதான் அதே இடத்தில் அக்காவின் மகள் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தாள். அதை யாரும் பேசவில்லை. அக்காகூட.

எங்கள் பிக்கப்புக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் எல்லோரும் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். பக்கத்துக் கொட்டகையில் அப்பா கண்ணாடி வெட்டுகிறார், அத்தான் அதைப் பெரியவரில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும். பல வருடமாக இப்படித்தான். "முதல் மிதி வணக்கம் சொல்றதுக்கு, ரெண்டாவது மிதிதான் நிக்கச் சொல்றதுக்கு" என்று அத்தான் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். இப்போது வணக்கத்தோடு கரகரவென்று ஒரு சத்தமும் சேர்ந்திருக்கிறது.

ஒரு கோளாறோடு இவ்வளவு நாள் குடித்தனம் நடத்தினால் அது குடும்ப வழக்கமாகிவிடுமோ?

மார்ச் 5, புதன்

மெக்கானிக் மூன்று வாரம் ஆகும் என்கிறார். இருபத்தொன்றாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு நாற்பது ஜன்னல் கண்ணாடி போக வேண்டும். "அதுவரைக்கும் மெதுவா ஓட்டிக்கலாம்" என்றார் அத்தான். மெதுவாக வந்துதானே நேற்றுக் கேட்டைத் தொட்டது?

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "நானே போடுறேன்."

"எதை? கமாவையா?" என்றார் அத்தான்.

வீட்டிலிருந்தபடியே அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள் நான். நல்ல நகைச்சுவைதான். நானே கொஞ்சம் சிரித்தேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன்: பிரேக்கை நான் சரி செய்தால் வண்டியை நான் ஓட்டுவேன். லைசென்ஸ் எடுத்து நாலு வருடம் ஆகிறது. ஒருநாள்கூட அந்தச் சாவி என் கைக்கு வந்ததில்லை. கேட்டால், "கண்ணாடி ஏத்துற வண்டி அது, விளையாட்டுச் சாமான் இல்ல."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முதல்ல அது நிக்கட்டும். ஓட்டுறதப் பத்தி அப்புறம் பேசலாம்."

இல்லை என்று சொல்லவில்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்: இல்லை என்று சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பழைய புத்தகக் கடையில் இந்த மாடலுக்கான கைப்புத்தகம் கிடைத்தது. பிரேக் பக்கங்களில் மட்டும் கிரீஸ் ரேகைகள். எனக்கு முன்னால் யாரோ இதே இடத்தில் திணறியிருக்கிறார்கள். இந்த வருடம் படித்ததில் இவ்வளவு தெளிவான உரைநடை வேறில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. உவமை இல்லை, நழுவல் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். முன் சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. அதுதான் கரகர. பின் சக்கரங்களில் டிரம்முக்குள் இருக்கும் ஷூ, அதாவது உள்ளிருந்து அழுத்தும் வளைந்த பட்டை, தேய்ந்து, டிரம்மை விட்டு விலகி நிற்கிறது. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகப் போகிறது. இரண்டாவதுதான் பிடிக்கிறது. இதில் பெரியவரின் குணம் என்று ஒன்றும் இல்லை. யாரும் இதுவரை கழற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

முன் சக்கரம் இரண்டும் முடிந்தது. ஜாக்கி வைத்தேன், கீழே இரும்புத் தாங்கி வைத்தேன், பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். அத்தான் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், கிரிக்கெட் பார்க்க வந்தவர் மாதிரி.

"நட்டு எந்தப் பக்கம் சுத்தும்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. வேடிக்கை பாக்கிறவங்கள எங்க உக்கார வைக்கணும்னுதான் போடல."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இல்லை.

வெளியே வந்த பழைய பேட் பிஸ்கட் அளவுக்குக்கூட இல்லை. அப்பாவின் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள்

விரல்களை மடக்க முடியவில்லை. ஒரு நாவலின் கடைசி மெய்ப்பைக் கருப்பு விரல் ரேகையோடு அனுப்பினேன்.

மார்ச் 15, சனி

பின் டிரம். இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் பிரிக்காதே என்கிறது புத்தகம். ஒன்று பிரிந்து கிடக்கும்போது மற்றதைப் பார்த்துக் கோர்க்கலாம். உயிர் காத்த வாக்கியம். ஸ்பிரிங் ஒன்று தெறித்து மோவாயில் பட்டது. உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். வலியில்லை, ஆத்திரம். நாலு தடவை மாட்டினேன், நாலு தடவையும் கழன்றது. ஐந்தாவது தடவை உட்கார்ந்தது.

ஷூவை டிரம்முக்கு நெருக்கமாக வைக்க உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற அளவு வரும்வரை அதைத் திருப்ப வேண்டும். உரசுகிற அந்த மெல்லிய சத்தத்தை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. அப்பாவும் அத்தானும் பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தார்கள். அம்மாவை அழைத்தேன். இத்தனை வருடத்தில் அம்மா ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"மிதிம்மா."

"மிதிச்சிட்டேன்."

"பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாத."

"விடலடி. கால் உள்ள போகுதே."

"போகட்டும். இப்ப விடு."

"விட்டுட்டேன். ஏன்டி, நான் நல்லா மிதிக்கிறேனா?"

டீக்கஷாயம் மாதிரி ஆயில் வந்தது. இடையிடையே குமிழி. பிறகு குமிழி நின்றது. மிதி கல் மாதிரி ஆனது. அம்மா இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு இத்தனை வருஷம் வெறும் தரைய மிதிச்சிருக்கேன்" என்றாள்.

அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓட்டினேன். பத்து தடவை நிறுத்தினேன். பத்திலும் முதல் மிதியிலேயே.

மார்ச் 17, திங்கள்

அப்பாவிடம் "முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னேன். "ம்" என்றார். ஓட்டிப் பார்த்தால் தானே தெரிந்துகொள்வார்கள். நான் எதற்கு விளக்க வேண்டும்?

மார்ச் 18, செவ்வாய்

காலையில் நான் எழுவதற்குள் அத்தான் எட்டு அலமாரிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். நெற்றி வீங்கியிருந்தது. பின்னால் எட்டும் தூள்.

தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்ததாம். மிதித்தாராம். வண்டி 'குத்திக்கிட்டு' நின்றதாம்.

"பிரேக்கைக் கெடுத்து வச்சிருக்கா. தொட்டா பிடிச்சுக்குது. ஆளைக் கொல்லப் பாக்குது."

நின்றது தப்பு என்கிறார்கள். இத்தனை நாள் நிற்காமல் போனதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வண்டி நின்றதுக்குப் பஞ்சாயத்து. அக்கா எல்லோர் முன்னாலும், "அவர் நெத்தியப் பாரு. உனக்கு இன்னும் வாய் குறையல" என்றாள். நான் வாயே திறக்கலையே. நிஜமாவே தப்பா போட்டுட்டேனா? ஷூவை இடம் மாத்தி மாட்டிட்டேனா? எழுத்து எப்படியிருக்கு பாரு.

மார்ச் 19, புதன்

விடிந்ததும் நாலு சக்கரத்தையும் கழற்றினேன். புத்தகத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அத்தான், எப்படி மிதிச்சீங்க?"

"எப்பவும் மிதிக்கிற மாதிரிதான்."

"ரெண்டு தடவையா?"

"பின்ன?"

அவ்வளவுதான். முதல் மிதியிலேயே வண்டி நிற்கத் தொடங்கிவிட்டது. நாய் தப்பித்துவிட்டது. அவர் கால் மட்டும் பழக்க தோஷத்தில் முழு பலத்தோடு இன்னொரு தடவை இறங்கியிருக்கிறது.

இதில் என் தப்பும் உண்டு. இங்கேயாவது மறைக்காமல் எழுதுகிறேன். 'இனிமேல் ஒரு மிதி போதும்' – மூன்று நொடிகூட ஆகாது சொல்வதற்கு. இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் அந்த ஒரு வரியை வாயால் சொல்லவில்லை. அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்ற வீம்பு. எட்டுக் கண்ணாடியில் நாலு என் கணக்கு. அதை அத்தானிடமே சொன்னேன். "சொல்லாம விட்டது என் தப்பு."

மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அப்பா சாந்தமாக ஆரம்பித்தார். "சரி விடு. அந்தப் பல்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால திருப்பிடு. பழைய மாதிரி லூசா இருக்கட்டும். அவருக்கு அதுதான் கைப்பழக்கம்."

"காலுக்கு ஏத்த மாதிரி பிரேக்கைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"கெடுக்கச் சொல்லல. பழைய மாதிரி வைக்கச் சொல்றேன்."

"பழைய மாதிரின்னா கெட்டதுதாம்ப்பா. நான் திருப்ப மாட்டேன்."

"அப்ப நான் ஓட்ட மாட்டேன்" என்றார் அத்தான்.

"ஓட்டாதீங்க."

அக்கா எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன் நான் சொன்னேன். "அன்னைக்குக் கேட்டுப் பக்கத்துல சைக்கிளோட நின்னது உன் பொண்ணு. ரெண்டாவது மிதிக்கு நேரம் இல்லாம போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

அத்தான் சொன்னபடி வண்டியைத் தொடவில்லை. வாடகை வண்டிக்காரர்கள் கண்ணாடி என்றதும் போனை வைக்கிறார்கள். நாளை பள்ளிக்கூடம்.

மாலையில் அப்பா கோபமாகச் சாவியை எடுத்தார். "நானே பாக்குறேன், அப்படி என்னதான் போட்டிருக்கான்னு." வெறும் வண்டியோடு தெருவைச் சுற்றப் போனார். நான் ஓடிப்போய் ஜன்னல் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னேன். "ஒரு மிதி போதும்ப்பா. ஒண்ணே ஒண்ணு." காதில் வாங்காத மாதிரி கிளம்பினார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார். இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி காலடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நீ சொன்னது காதுல விழுந்துச்சு" என்றார். "கால் கேக்க மாட்டேங்குது. ரெண்டு மிதின்னு அவருக்குப் பழக்கிவிட்டதே நான்தான்." மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்த வீட்ல கெட்டுப்போகாத கால் உன்னோடது ஒண்ணுதான்."

எப்படிக் கெடும்? ஓட்ட விட்டால்தானே.

சாவியை நீட்டினார். "ஏழு மணிக்குக் கிளம்பணும்."

வேறு வழியில்லாமல்தான் கொடுக்கிறார். தெரியும். அதனால் என்ன? வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

நாற்பது கண்ணாடி. பின்னால் சாய்வுச் சட்டத்தில் செங்குத்தாக, நடுவே அட்டை வைத்து. இறக்குவதற்காக அத்தானும் வந்தார், ஆனால் என் வண்டியில் ஏறவில்லை. மோட்டார் சைக்கிளில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பின்னாலேயே.

சந்தை வளைவில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மிதித்தேன். ஒரு தடவை. பின்னால் நாற்பதும் சேர்ந்து ஒரு மெல்லிய சிலிர்ப்புச் சத்தம் எழுப்பின, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, என்னைத் தாண்டிப் பார்த்து, அத்தானிடம் கேட்டார். "டிரைவர் வரலியா சார்?"

அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். எவ்வளவு நேரம் ஆகும் ஒரு ஹெல்மெட்டைக் கழற்ற.

"அவங்கதான்" என்றார்.

நாற்பதும் முழுசாக இறங்கின.

மார்ச் 26, புதன்

நாளை ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கதவுக் கண்ணாடி. தூரம் அதிகம், தனியாகத்தான் போகிறேன். வேலை முடித்துக் கீழே போனபோது அத்தான் ஏற்றிக் கட்டி முடித்திருந்தார். கயிற்றை எப்போதும் சட்டத்தின் உச்சியில்தான் முடிச்சுப் போடுவார், அவர் உயரத்துக்கு. இன்று முடிச்சு இடுப்பளவில் இருந்தது. நான் எக்காமல் அவிழ்க்கலாம்.

முடிச்சை இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.