குளிர் தாங்கும் ஒயர்

மாரிகுப்பம்,
அக்டோபர் 9.

அன்புள்ள மாயாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஒயரிங் கடையும் நலம். நீ லடாக்கில், அந்த லே ஊரில் மூக்கு சிவக்க நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பது தெரிகிறது. போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. வேலை பார்க்கும் அந்தப் பள்ளியிலேயே இன்னும் இரண்டு வருடம் இருக்க ஆசைப்படுவதாக நீ சொன்னாய், நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டி நாம் பேசவில்லை. ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்பதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் நீ சொல்லியாக வேண்டும். அதற்கு வருகிறேன். முதலில் வேலையைப் பேசுவோம்.

பார்சலில் இருப்பது, பைக் ஓட்டும்போது நீ போடும் சூடேறும் ஜாக்கெட்டுக்கான ஒயர்க் கட்டு. நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அங்குள்ள மெக்கானிக் பேட்டரியிலிருந்து நேராக ஒயரை இழுத்து, டேங்க் மேலேயே படுக்க வைத்து டேப் ஒட்டியிருக்கிறார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் ஃபியூஸ் எங்கே? ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் உரசி, மேல்தோல் உரிந்து, உள்கம்பி ஃபிரேமில் பட்டுப் புகை வந்திருக்கிறது. சூடு நின்றது, விரல் மரத்தது, பிரேக் பிடிக்க முடியாமல் விழுந்தாய். முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான் என்று நீ சொன்னதை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே.

அந்தப் பழைய ஒயரை முழுதாகப் பிடுங்கிப் போடு. கிளட்ச் கேபிளையே மாற்றியவள் நீ, இதையும் நீயே மாட்டு. சீட்டையும் டேங்கையும் கழற்றிக்கொள். சிவப்பு முனை பேட்டரிக்கு. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உள்ள கறுப்பு டப்பா ரிலே, சாவி போட்டால்தான் கரண்ட் விடும். ஜாக்கெட் ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்காது. கம்பெனிக்காரன் போட்ட ஒயர்கள் டேங்குக்கு அடியில் ஃபிரேமை ஒட்டிப் போகின்றன, அவற்றோடேயே நம் ஒயரும் போகட்டும். புது வழி கண்டுபிடிக்காதே. சைலன்சர் குழாய் இறங்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயர் மட்டும் ஹேண்டில்பாருக்கு ஏறும். கட்டி இறுக்கும் முன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார். ஜாக்கெட்டில் சொருகும் முனை இடது பக்கம், சீட்டும் டேங்கும் சேரும் இடத்தில் வெளியே வரும். நீ ஏறி இறங்குவது அந்தப் பக்கம்தானே. இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும். மறந்துபோய் இறங்கினாலும், மறுபடி விழுந்தாலும் வண்டி உன்னைப் பிடித்து இழுக்காது. கையுறைக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், அதற்கு ஜாக்கெட் கைக்குள்ளிருந்தே கரண்ட் வருகிறது.

அளவெடுக்க, பக்கத்து பாலகாட் பகுதி திலீப்பின் வண்டியைப் பிடித்தேன். உன் மாடலேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நம் வாசலில் டேங்க் இல்லாமல் நின்றது. "இன்னாண்ணா, கழட்டுன வண்டிய திருப்பி பூட்டுவியா மாட்டியா?" என்று அவன் வேலியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே இருந்தான். உன் ஜாக்கெட் என்னிடம் இல்லாததால், அதற்குப் பதில் ஒரு ஹெட்லைட் பல்பை சொருகி எரியவிட்டேன். அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "பட்டப்பகல்ல சீட்டு மேல லைட்டு எரியுது, உனக்கு இன்னாடா ஆச்சு?" என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் எரிந்தும் ஒயர் சுடவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. நான் ஒயர் மாட்டிப் பழகிய ஊரில் குளிர் என்றால் மார்கழியில் ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். உன் ஊர்க் குளிரில் இந்த ஒயர் என்ன ஆகும்? ராபர்ட்சன்பேட்டையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் வின்னியக்காவிடம் கெஞ்சி, ஒரு துண்டை ஃப்ரீசரில் போட்டுவைத்தேன். "குல்ஃபி வைக்கிற எடத்துல ஒயரை வச்சிக்கினு இன்னாப்பா பண்ணப்போறே?" என்று திட்டிக்கொண்டே இடம் கொடுத்தார்கள். மறுநாள் எடுத்து மடக்கினேன். மேலுறை அப்பளம் மாதிரி உடைந்தது. அதைப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் இரண்டு வாரத்தில் உனக்கு மறுபடி புகைதான். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், குளிரில் உடையாத சிலிகோன் உறை போட்ட ஒயர் வாங்கிவந்து முதலிலிருந்து கட்டினேன்.

இந்த முறை முழுக் கட்டையும் உள்ளே வைத்தேன். வெளியே எடுத்தால் இளகிவிடும் என்று ஃப்ரீசருக்குள்ளேயே கையை விட்டு, ஒவ்வொரு வளைவாக மடக்கி, கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ஒயர் தாங்கியது. கைதான் தாங்கவில்லை. வின்னியக்கா கொடுத்த டீ கிளாஸை என்னால் பிடிக்கவே முடியவில்லை. உன் கை பிரேக்கைப் பிடிக்க முடியாமல் தவித்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது, மாயா. ஐஸ் பட்டுவிட்டது என்று நினைத்து அவர்கள் துண்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

இப்போது மாறுதல் விஷயம். அம்மாவுக்கு நீ வந்துவிட வேண்டும். "என் மருமக இன்னா மிலிட்ரியா? ரெண்டு வருசம் ஆச்சில்ல, வரச் சொல்லு" என்று தினமும் சொல்கிறார்கள். எனக்கும் அதே ஆசைதான், மறைக்கவில்லை. ஆனால் இவ்வளவு குளிரிலும் நீ அங்கே இருக்க நினைக்கிறாய் என்றால், நீ பழக்கும் பள்ளிப் பெண்களின் ஐஸ் ஹாக்கி அணி உனக்கு எவ்வளவு முக்கியமாக இருக்க வேண்டும். அவர்களைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே நடமாடும் மாயா எனக்கு வேண்டாம். எனக்காக மாறுதல் கேட்காதே. உனக்குத் தோன்றினால் கேள்.

நான் வேறொன்று யோசித்திருக்கிறேன். டிசம்பரிலிருந்து மூன்று மாதம் நம் கடைப் பையன் நோயல் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அம்மா என் அக்கா வீட்டுக்குப் போவார்கள். நான் அங்கே வரலாமா? வா என்று நீ இதுவரை கூப்பிட்டதில்லை, வருகிறேன் என்று நானும் சொன்னதில்லை. வண்டியை நீதான் ஓட்ட வேண்டும், அந்த வளைவுகள் உனக்குத்தான் தெரியும்.

ஒயர்க் கட்டில் நீ கேட்காத ஒரு கிளை பின் சீட்டுக்குப் போகிறது, நீலப் பட்டி சுற்றியிருக்கிறேன். இரண்டு ஜாக்கெட்டும் முழுச் சூட்டில் எரிந்தால் உன் வண்டி தாங்காது, பாதிப் பாதி என்றால் தாங்கும். எனக்குப் பாதி போதும்.

இதில் உனக்கு விருப்பமில்லை என்றால் வெட்ட வேண்டாம், சண்டையும் வேண்டாம். அந்த நீலப் பட்டிக்குக் கீழே ஒரு கனெக்டர் இருக்கிறது, அதை மட்டும் பிரித்துவிடு. உன் ஜாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

கை கால் பத்திரம். நீ எங்கே இருந்தாலும் சூடாக இரு.

உன்
எழிலன்